மனித ஓநாய்க்குள் பதுங்கியிருக்கும் 'வெர்'

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். பௌர்ணமி இரவில் மனிதன் ஓநாயாக மாறும் கதைகளில் 'வேர்வுல்ஃப்' என்றொரு சொல் வருகிறது. 'வுல்ஃப்' ஓநாய் என்று தெரிகிறது. முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'வேர்' என்ன? கையடக்க அகராதியில் தனியே தேடினால் 'இருந்தார்கள்' என்று சொல்ல உதவும் வினைதான் கிடைக்கிறது; அது இங்கே பொருந்தவில்லை. இதற்கிடையில் உங்கள் நண்பர், "அது நம்ம வீரன்தான், தமிழ்லேர்ந்துதான் அங்க போச்சு" என்று அடித்துச் சொல்கிறார். சரியா?

முதல் கேள்விக்குப் பதில் ஒரே சொல்: ஆண். பழைய ஆங்கிலத்தில், அதாவது சுமார் 1100 வரை புழங்கிய ஆங்கிலத்தில், 'வெர்' என்றால் ஆண்பிள்ளை. கணவன் என்றும் பொருள். 13ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அது தனிச்சொல்லாக நடமாடவில்லை. நண்பர் விஷயம் கொஞ்சம் சிக்கல். வீரனுக்கும் வெர்ருக்கும் உறவு உண்டு. ஆனால் அந்த உறவு தமிழ் வழியாக வந்ததல்ல. அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். நேரே அங்கே தாவினால் வழியில் கிடக்கும் நல்ல சமாச்சாரமெல்லாம் விட்டுப்போகும்.

இன்று ஆணைக் குறிக்கும் 'மேன்' அன்று 'மன்'. அதன் முதன்மைப் பொருள் ஆண் அல்ல, ஆள், மனிதப்பிறவி. பெண்ணையும் அப்படிச் சொல்லலாம். பழைய ஆங்கிலத்தில் ஆண்டுவாரியாக எழுதிய வரலாறான ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பில், இங்கிலாந்துக்குள் அன்று தனி நாடாக இருந்த கென்ட்டின் அரசகுமாரி எர்கன்கோட்டா பற்றி ஒரு வரி வருகிறது: "புனிதக் கன்னி, அற்புதமான மன்". இன்றைய ஆங்கிலக் காதுக்கு இது விசித்திரமாகப் படும். அன்றைக்கு அது 'அற்புதமான பிறவி' என்பதற்கு மேல் எதுவுமில்லை.

ஆணா பெண்ணா என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில்தான் 'வெர்', 'வீஃப்' என்ற ஜோடி வரும். 'வீஃப்' என்றால் பெண். ஆதியாகமத்தில் கடவுள் மனிதனை ஆணும் பெண்ணுமாகப் படைத்தார் என்ற வசனத்தைப் பழைய ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, படைக்கப்பட்டது 'மன்' என்று வைத்து, 'வெர்ஹாத்', 'வீஃப்ஹாத்' என்று இரண்டு தன்மைகளைப் பிரித்தார்கள்: ஆண்மை, பெண்மை. மத்தேயு முதல் அதிகாரத்தில் "மரியாளுடைய புருஷனாகிய யோசேப்பு" என்று நாம் படிக்கிற இடத்தில் பழைய ஆங்கிலத்தில் இருப்பது 'மரியான் வெர்'. நம் 'புருஷன்' போலவே அதற்கும் ஆண், கணவன் என்று இரட்டைப் பொருள் இருந்தது தற்செயல்தான், ஆனால் பொருளை மனத்தில் பதித்துக்கொள்ள உதவும்.

அந்த 'வீஃப்' பிற்பாடு சுருங்கி, மனைவியைக் குறிக்கும் 'வைஃப்' ஆனது. பொதுவாகப் பெண்ணைச் சொல்ல 'வீஃப்மன்' என்று கூட்டுச்சொல் கட்டினார்கள்: பெண்-ஆள். அதில் ஃப் ஒலி அடுத்து நிற்கும் ம் ஒலியோடு கரைந்து 'விம்மன்' ஆயிற்று. பிறகு முன்னால் இருக்கும் வ் ஒலி உதட்டைக் குவிக்க வைத்ததால் ஒருமை 'வுமன்' என்று மாறிவிட்டது. பன்மையில் மட்டும் பழைய ஒலி தங்கியது. ஒருமை 'வுமன்', பன்மை 'விமென்', ஆனால் எழுத்திலோ மாற்றம் பின்பாதியில். பள்ளிக்கூடத்தில் நம்மைப் படுத்திய இந்த முரண்பாட்டின் கதை இதுதான்.

ஒரு எச்சரிக்கை. "வீஃப்மன் பெண் என்றால், வெர்மன் ஆண், பிறகு ஆண்கள் 'வெர்'ரை வெட்டி எறிந்துவிட்டு 'மன்'னைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள்" என்று ஒரு கதை சுற்றுகிறது. கேட்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் பழைய நூல்களில் 'வீஃப்மன்'னுக்கு எதிராக வந்து நிற்கும் சொல் 'வேப்நெட்மன்': ஆயுதம் தரித்த ஆள். எந்த ஆயுதம் என்பதில் ஓர் இரட்டை அர்த்தமும் உண்டு. அதை விளக்காமல் விட்டுவிடுகிறேன்.

'வெர்' அதிகம் வேலை செய்த இடம் சட்டம். ஒருவனைக் கொன்றால், கொன்றவன் தரப்பு செத்தவன் குடும்பத்துக்குக் கட்ட வேண்டிய தொகைக்கு 'வெர்கில்ட்' என்று பெயர்: ஆள்-விலை. பழிக்குப் பழி என்று தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொள்ளாமல் இருக்க அந்தச் சமூகம் கண்ட வழி. அன்றைய இங்கிலாந்தின் தனி நாடுகளில் இன்னொன்றான வெஸெக்ஸில் சாதாரணக் குடியானவனுக்கு 200 ஷில்லிங், பிரபுவுக்கு 1200 ஷில்லிங். அங்கே ஒரு ஷில்லிங்குக்கு 5 பென்னி. 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் வட்டாரத்து விதி ஒன்று ஓர் எருதுக்கு 30 பென்னி என்று விலை வைத்திருக்கிறது. கணக்குப் போட்டால் ஒரு குடியானவன் உயிர் சுமார் 33 எருதுகள். பிரபு என்றால் 200 எருதுகள். சட்டப் பேச்சில் பின்னொட்டைக்கூடச் சொல்லாமல் 'அவன் வெர் இவ்வளவு' என்பார்கள். ஆளைக் குறித்த சொல்லே ஆளின் விலையையும் குறித்தது.

இந்த மாதிரிச் சட்டங்களில் மூத்தது கென்ட் அரசன் ஏத்தெல்பெர்ட் காலத்தது, கி.பி. 600ஐ ஒட்டியது. அது ஆள்-விலைக்கு வேறொரு சொல்லை வைத்திருந்தாலும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் அதில் உடம்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் விலைப்பட்டியல் இருக்கிறது: கட்டைவிரல் போனால் 20 ஷில்லிங், காதை அறுத்தால் 12, முன்பல் ஒவ்வொன்றுக்கும் 6. ஆங்கிலத்தில் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் சட்டங்களிலேயே பழையது பல்லுக்கு விலை பேசும் சட்டம்.

சரி, இவ்வளவு உழைத்த சொல் ஏன் செத்தது? என் கணிப்பில் மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. 1066இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு சட்டமும் நிர்வாகமும் லத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் போயின. ஆள்-விலை வழக்கமும் மெல்ல மறைந்தது. வெர்ருக்கு நிரந்தர வேலை கொடுத்த அலுவலகம் மூடப்பட்டது போல. இன்னொரு பக்கம் 'மன்' தன் பொதுப் பொருளை வைத்துக்கொண்டே ஆண் என்ற இடத்தையும் நிரப்பத் தொடங்கியிருந்தது. மூன்றாவது, ஒலிக் குழப்பம். 'இருந்தார்கள்', 'எங்கே', 'போர்', 'ஆற்றுத் தடுப்பு', 'உடுத்து' ஆகிய பொருள்களுக்கான இடைக்கால ஆங்கிலச் சொற்களெல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலித்தன. அந்தக் கூட்டத்தில் ஒரு 'வெர்' காணாமல் போனதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் தனியாகச் செத்த சொல் கூட்டுச்சொல்லுக்குள் உயிரோடு இருக்கும். தமிழில் 'ஆட்டி' என்ற சொல்லைப் பாருங்கள். பெண் என்று பொருள். இன்று யாராவது "அந்த ஆட்டி வந்தாள்" என்றால் ஒன்றும் புரியாது. ஆனால் பெண்டாட்டியிலும் மூதாட்டியிலும் சீமாட்டியிலும் அவள் சௌக்கியமாக இருக்கிறாள். ஞாயிறு இன்னொரு உதாரணம். வானத்தில் இருப்பதைப் பேச்சில் சூரியன் என்கிறோம். ஞாயிறு விடுமுறை நாளில் மட்டும் தங்கிவிட்டது. கூட்டுச்சொல் என்பது உப்புப் போட்ட ஊறுகாய் ஜாடி மாதிரி. உள்ளே இருப்பது என்ன காய் என்று மறந்துபோனாலும் கெட்டுப்போகாது.

வெர் ஊறிக்கிடக்கும் ஜாடிகளில் ஒன்றுதான் நீங்கள் கேட்டது. 'வெரெவுல்ஃப்' என்ற சொல் ஆங்கிலத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இடம் பேய்க்கதை அல்ல. அப்போது இங்கிலாந்தை ஆண்ட டேனிஷ்காரர் கனூட் அரசனின் சட்டம், 1020களின் தொடக்கம். அதில் ஆயர்களுக்கு ஓர் அறிவுரை: வெறிகொண்ட வெரெவுல்ஃப் தேவனின் மந்தையை மிகையாகக் கிழித்துவிடாமலும் பலரைக் கடித்துவிடாமலும் மேய்ப்பர்கள் காவல் இருக்க வேண்டும். இங்கே வெரெவுல்ஃப் என்பது சாத்தான். நிலவும் இல்லை, உருமாற்றமும் இல்லை. இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்தச் சட்டத்தை எழுதிக்கொடுத்தவர் யார்க் நகரத்துப் பேராயர் வுல்ஃப்ஸ்டான். அவர் பெயரிலேயே ஓநாய் இருக்கிறது. லத்தீனில் தன்னை 'லூபுஸ்', அதாவது ஓநாய் என்றே சொல்லிக்கொண்டவர். ஓநாயிடமிருந்து மந்தையைக் காப்பாற்றச் சொன்னவர் இன்னொரு ஓநாய்.

நிலவு வந்து சேர இரு நூற்றாண்டுகள் ஆகின்றன. டில்பரி ஊர்க்காரரான ஜெர்வேஸ், 1215ஐ ஒட்டி புனித ரோமப் பேரரசர் நான்காம் ஓட்டோவுக்காக லத்தீனில் ஒரு பெரிய அதிசயத் தொகுப்பு எழுதினார். இங்கிலாந்தில் நிலவு மாறும்போது மனிதர்கள் ஓநாயாவதை அடிக்கடி பார்த்திருக்கிறோம் என்று அதில் அடித்துவிடுகிறார். அதோடு நமக்கு வேண்டிய ஒரு வாக்கியத்தையும் சேர்க்கிறார்: ஆங்கிலேயர் இதை 'வெரெவுல்ஃப்' என்பார்கள், ஏனென்றால் ஆங்கிலத்தில் 'வெரெ' என்றால் ஆண், 'வுல்ஃப்' என்றால் ஓநாய். எண்ணூறு வருஷத்துக்கு முன்பே உங்கள் கேள்விக்குப் பதில் எழுதி வைத்துவிட்டார் மனிதர்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆக்ஸ்போர்டு அகராதியின் பழைய பதிப்பே இந்த விளக்கத்தின் மேல் கொஞ்சம் சந்தேகம் போட்டது. வெர்ரும் வுல்ஃபும் சேர்ந்தால் 'வெர்வுல்ஃப்' என்றுதானே வர வேண்டும், நடுவில் அந்த 'எ' எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. சில வட்டார வடிவங்களில் 'வர்' என்று வருவது இன்னொன்று. ஆனால் வெர்கில்டும் 'வெரெகில்ட்' என்று எழுதப்பட்டிருக்கிறது. அதே 'எ' அங்கேயும் தலைகாட்டுவதால் முதல் சந்தேகத்துக்குப் பெரிய வலு இல்லை என்பது என் எண்ணம். இன்று பெரும்பாலோர் ஏற்பது ஆண்-ஓநாய் என்ற விளக்கத்தைத்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் இதே சொல்லை ஜெர்மானிய மொழி பேசிய பிராங்குகளிடமிருந்து வாங்கினார்கள். ஜெர்மானிய வ் பிரெஞ்சில் க் ஒலியாகும். ஆங்கில 'வில்லியம்' அங்கே 'கியோம்', ஆங்கில 'வார்' அங்கே 'கேர்'. அந்தக் கணக்கில் வெர்வுல்ஃப் தேய்ந்து 'கரூ' ஆயிற்று. கரூ என்றால் என்ன என்று அவர்களுக்கே மறந்துபோக, விளங்கட்டும் என்று முன்னால் தங்கள் ஓநாயையும் ஒட்டினார்கள்: 'லூ-கரூ'. பிரித்தால் ஓநாய்-ஆண்-ஓநாய். நடுசென்டர், கேட்டுவாசல் என்று சொல்லும் நாம் சிரிக்கக் கூடாது.

இரண்டாவது ஜாடி இன்னும் பெரியது, தினமும் கையில் புழங்குவது: 'வேர்ல்ட்'. ஆம், உலகம். பழைய ஆங்கிலத்தில் 'வெயொரொல்ட்', பழைய ஜெர்மனில் 'வெரால்ட்', டச்சில் இன்றும் 'வேரெல்ட்'. வெர் முன்பாதி, பின்பாதி வயது, காலம் என்ற பொருளுள்ள சொல், இன்றைய ஆங்கில 'ஓல்ட்'டின் உறவு. சேர்த்தால் 'ஆளின் காலம்', மனிதர் வாழும் யுகம். மண்ணையோ உருண்டையையோ அது முதலில் குறிக்கவில்லை. மனித வாழ்க்கை, அந்த வாழ்க்கை நடக்கிற காலம், பிறகு அது நடக்கிற இடம், கடைசியில் பூமி முழுவதும் என்று பொருள் விரிந்தது. "ஊர் உலகம் என்ன பேசும்" என்று நாம் சொல்லும்போது உலகம் என்பது மண் அல்ல, மனிதர்கள்தானே? அந்த உணர்வில் பிறந்த சொல் அது. ஜெர்மன் 'வெல்ட்' என்று இன்னும் சுருங்கி, நடுவில் இருந்த ர் ஒலியையும் விழுங்கிவிட்டது. எழுத்தாதாரம் இல்லாமல் வெல்ட்டைப் பார்த்து உள்ளே ஓர் ஆள் இருக்கிறான் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இனி வெர்ருக்கும் முந்திய கதை. ஆங்கிலத்தின் ஒன்றுவிட்ட சகோதரியான காதிக் மொழியில் 4ஆம் நூற்றாண்டு பைபிள் மொழிபெயர்ப்பின் பகுதிகள் கிடைத்திருக்கின்றன. செய்தவர் பெயர் வுல்ஃபிலா, 'குட்டி ஓநாய்'. இந்தக் கட்டுரையை ஓநாய்கள் விடுவதாக இல்லை. அதில் ஆணுக்குச் சொல் 'வேர்' என்று ஒலிக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் லத்தீனில் 'விர்', லிதுவேனிய மொழியில் 'வீரஸ்', ஐரிஷில் 'ஃபேர்', வெல்ஷில் 'கூர்'. சமஸ்கிருதத்தில் 'வீர'.

ஐரிஷ், வெல்ஷ் வடிவங்களைப் பார்த்து, எங்கே வ், எங்கே ஃப், எங்கே க் என்று தோன்றும். இங்கேதான் சொல்லாய்வின் உயிர் இருக்கிறது. ஒரு சொல் மட்டும் ஒத்துப்போனால் அது சாட்சி இல்லை. ஒரே மாற்றம் வேறு சொற்களிலும் அதே ஒழுங்கில் திரும்ப வர வேண்டும். கணவனை இழந்தவளுக்குள்ள சொல்லை எடுங்கள். சமஸ்கிருதத்தில் 'விதவா', லத்தீனில் 'விதுவா', ஆங்கிலத்தில் 'விடோ', வெல்ஷில் 'குவெதோ', பழைய ஐரிஷில் 'ஃபெத்வ்'. உண்மை என்பதற்கு லத்தீனில் 'வேருஸ்', வெல்ஷில் 'குவீர்', ஐரிஷில் 'ஃபீர்'. சொல்லின் தொடக்கத்தில் மற்றவர்கள் வ் சொல்லும் இடத்தில் வெல்ஷ்காரர் க் சேர்ப்பார், ஐரிஷ்காரர் ஃப் ஆக்குவார். அந்த விதி ஆண் என்ற சொல்லிலும் அப்படியே நடக்கிறது. சாட்சி இப்போது கூண்டில் ஏறிவிட்டது.

உயிரொலியிலும் ஒரு கணக்கு உண்டு. சமஸ்கிருதத்திலும் லிதுவேனியத்திலும் ஈ நெடில். லத்தீன், ஐரிஷ், ஜெர்மானிய மொழிகளில் குறில். மேற்குப் பக்கத்து மொழிகளில் சொல்லின் அழுத்தம் பின்னால் விழுந்த இடங்களில் முன்னிருந்த நெடில் குறுகியது. அந்தக் குறில் இ, அடுத்த அசையில் இருந்த அகரத்தின் இழுப்பால் ஜெர்மானியத்தில் எ ஆனது. ஐரிஷில் இதைக் கண்ணால் பார்க்கலாம்: ஒருமையில் 'ஃபேர்', பன்மையில் 'ஃபிர்'. டப்ளினில் கழிப்பறைக் கதவுகளில் 'ஃபிர்' என்று ஒன்றும் 'ம்னா' என்று ஒன்றும் எழுதியிருக்கும். ஆங்கில எழுத்தில் 'ம்னா'வைப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள் 'மேன்' என்பதை யாரோ எழுத்துப்பிழையோடு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து உள்ளே நுழைந்துவிடுவார்கள். அது பெண்கள் கழிப்பறை. வெர்ரின் ஐரிஷ் தம்பியைத் தெரிந்தவர் சரியான கதவைத் தள்ளுவார்.

லத்தீன் 'விர்' பெற்ற பிள்ளைகளில் ஒன்று 'விர்த்தூஸ்': ஆண்மை, அதிலிருந்து வலிமை, அதிலிருந்து நற்குணம். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் 'வர்ச்சூ' என்று வந்து குடியேறியது 13ஆம் நூற்றாண்டில். வெர் வீட்டைக் காலி செய்த அதே நூற்றாண்டு. சொந்தப் பிள்ளை வாசல் வழியே வெளியே போக, பெரியப்பா பேரன் கொல்லை வழியே உள்ளே வந்த கதை. 'வைரஸ்' இந்தக் குடும்பம் இல்லை. அது லத்தீனில் நஞ்சு என்ற பொருளுள்ள சொல், சமஸ்கிருத 'விஷ'த்தின் உறவு. உருவம் ஏமாற்றும் என்பதற்காகச் சொன்னேன்.

இப்போது உங்கள் நண்பர். தமிழில் இருக்கும் 'வீரன்', சமஸ்கிருத 'வீர' என்பதைத் தமிழ் வாங்கி 'அன்' விகுதி சேர்த்துக்கொண்டது. அந்த 'வீர'வும் ஆங்கில வெர்ரும் ஒரே மூதாதைச் சொல்லிலிருந்து கிளைத்தவை. ஆகவே வெர்ரும் வீரனும் உறவு என்று அவர் சொன்னது சரி. தமிழிலிருந்து போனது என்பது தவறு. தமிழ் இங்கே கொடுத்த வீடு அல்ல, வாங்கிய வீடு. இதற்குத் தமிழுக்கு ஒரு குறைவும் இல்லை. மறம், மறவன் என்று தன் சொந்தச் சொற்களை அது சங்கப் பாட்டு முழுக்க இறைத்து வைத்திருக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை சமஸ்கிருதத்தின் கிளை அல்ல, தனிக்குடும்பம் என்பதைச் சென்னையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816இலேயே எடுத்துக்காட்டினார். கால்டுவெல் 1856இல் விரிவாக நிறுவினார். குடும்பம் தனி என்று ஒப்புக்கொண்டால், கடன் எது, உறவு எது என்று பிரிக்கும் பொறுப்பும் கூடவே வருகிறது.

அவரைச் சமாதானப்படுத்த ஒன்று சொல்லுங்கள்: வேர்வுல்ஃபின் இரண்டாம் பாதியும் அவருக்குத் தெரிந்த சொல்லோடு உறவுதான். ஓநாய் சமஸ்கிருதத்தில் 'விருக', லிதுவேனியத்தில் 'வில்கஸ்', ஆங்கிலத்தில் 'வுல்ஃப்'. பாரதத்தில் பீமனுக்கு விருகோதரன் என்று பெயர் வருமே, ஓநாய் வயிறன், எவ்வளவு போட்டாலும் நிரம்பாதவன் என்று, அந்த விருகம்தான்.

ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் அவருக்கு ஓர் உதாரணம் தரலாம். ஆங்கில 'ஒன்', தமிழ் 'ஒன்று'. பொருளும் ஒன்று, ஒலியும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் ஆங்கிலச் சொல்லைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போனால் பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்'. ஜெர்மனில் 'ஐன்', லத்தீனில் 'ஊனுஸ்'. முன்னால் கேட்கிற வ் ஒலி இடைக்காலத்தின் இறுதியில் ஒட்டிக்கொண்டது. 'அலோன்', 'ஓன்லி' ஆகிய சொற்களில் அது இன்னும் ஒட்டவே இல்லை. தமிழ்ச் சொல்லையோ கன்னட 'ஒந்து', மலையாள 'ஒந்நு' பக்கம் கொண்டுபோக வேண்டும். இரண்டு தடங்களும் பின்னால் போகப் போக விலகுகின்றன. வெர், வீர விஷயத்தில் பின்னால் போகப் போக நெருங்குகின்றன. நான் பார்க்கிற சோதனை இதுதான், பெரிய மந்திரம் ஒன்றுமில்லை.

நீங்களே தேட விரும்பினால், கையடக்க அகராதியை விட்டுவிடுங்கள். பழைய ஆங்கிலத்துக்கு போஸ்வொர்த்-டாலர் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; 19ஆம் நூற்றாண்டு வேலை, கொஞ்சம் பழசு, ஆனால் மேற்கோள்கள் தாராளம். டொரண்டோவில் புதிய பழைய-ஆங்கில அகராதி ஒன்று எழுத்து எழுத்தாக வெளிவருகிறது. அகர வரிசையில் நம் வெர் கிட்டத்தட்டக் கடைசியில் இருப்பதால் அவர்கள் இன்னும் அதை எட்டவில்லை. 1100இலிருந்து 1500 வரைக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி, அதுவும் இலவசம். ஒரு சொல் எப்போது மூச்சை விட்டது என்று பார்க்க அதற்கு மேல் கருவி இல்லை. 1884இல் முதல் பகுதி வெளிவந்து 1928இல் முடிந்த ஆக்ஸ்போர்டு பெரிய அகராதி நூலகங்களில் இருக்கும். எதில் பார்த்தாலும் முதலில் பொருளைப் படிக்காதீர்கள். மேற்கோள்களின் ஆண்டைப் படியுங்கள். எந்த ஆண்டில் தொடங்குகிறது, எங்கே நிற்கிறது, எந்த வகை எழுத்தில் வருகிறது என்று பார்த்தாலே சொல்லின் பாதி ஜாதகம் கைக்கு வந்துவிடும்.

பழகிப் பார்க்க ஒரு சொல் தருகிறேன். மாப்பிள்ளைக்கு ஆங்கிலத்தில் 'பிரைட்குரூம்'. 'பிரைட்' மணப்பெண். 'குரூம்' என்றால் குதிரைக்குச் சேவகம் பார்ப்பவன் என்று அகராதி சொல்லும். கல்யாணத்துக்கும் லாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், சம்பந்தமில்லை. அந்த ர் பின்னால் நுழைந்த திருடன். அதை எடுத்துவிட்டு, பழைய ஆங்கிலத்தில் ஆணுக்கு இன்னொரு செத்துப்போன சொல் இருந்ததா என்று போஸ்வொர்த்-டாலரில் 'கு' என்று தொடங்கும் பக்கங்களில் தேடுங்கள். கிடைத்தால், லத்தீன் 'ஹோமோ'வின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.